தாழ்வான பக்கம்

ரமாபாய் கேட்டது நிதி மேலாண்மை. கிடைத்தது சுற்றுச்சூழல் நிலைத்தன்மை மேலாண்மை. 2005ஆம் ஆண்டு கலந்தாய்வில் அவள் முறை வந்தபோது அந்தக் கல்லூரியில் மற்ற பிரிவுகளெல்லாம் நிரம்பிவிட்டிருந்தன. இந்தப் பிரிவு அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தது. யாரும் தொடாமல் கிடந்தது. அவள் பக்கத்தில் நின்ற அப்பாவிடம் திரும்பினாள்.

"நைனா, மரம் நடறதுக்கு எம்.பி.ஏ. குடுக்கிறாங்களாம். வாங்கிக்கினு போலாமா?"

"எம்.பி.ஏ.ன்னு போட்டுக்கீதா?"

"போட்டுக்கீது."

"அப்ப வாங்கிக்க. பின்னால இன்னா எழுதிக்கீதுன்னு எவன் பட்ச்சிப் பாக்கப்போறான்."

அப்பாவின் பெயர் அப்பாவு, மாநகரப் பேருந்தில் நடத்துநர். எண்ணூர் வண்டியில் வருடக்கணக்காகப் போய் வருகிறவர். மனிதர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் குறைவு. அம்மா ராஜாத்தி அரசு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா; டாக்டர்களைப் பற்றி அவருக்கு அதைவிடக் குறைவு. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் சாயங்காலம் இந்த மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் ஊரில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். மகளுக்கு அம்பேத்கர் மனைவியின் பெயரை வைத்தவர் அப்பாவுதான். "பொறுமையா வளரும்னு அந்தப் பேரு வச்சேன். பேரு மட்டும்தான் வந்துச்சு" என்பார்.

கல்லூரி ஊரின் மறுகோடியில், பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்தது. ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறிப் போகவேண்டும். ஏரியைத் தூர்த்த இடத்தில் எழும்பிய கண்ணாடிக் கட்டடம். ஜன்னல்களைத் திறக்க வழியே கிடையாது. ஆகவே மின்சாரச் சிக்கனம் பற்றிய வகுப்பும் முழு ஏசியில்தான் நடந்தது. குளிர் தாங்காமல் பெண்கள் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு குறிப்பெடுத்தார்கள். முதல் நாள் ஆளுக்கொரு மரக்கன்றைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் கன்றுகளைத் திரும்ப வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நர்சரியிலிருந்து வாடகைக்கு வந்தவையாம்.

துறைத் தலைவர் ஆறுமுகநயினார் முன்பு ஒரு சர்க்கரை ஆலையில் அதிகாரியாக இருந்தவர். அந்த நாட்களில் கார்பன் வணிகம் என்ற பேச்சு எங்கும் சூடாக இருந்தது. புகையைக் குறைத்ததாகக் கணக்குக் காட்டி, அந்தக் கணக்கை வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கலாம் என்பதை அவர் கண்கள் பளபளக்க விளக்குவார்.

"கார்பன்ங்கிறது இனிமே அழுக்கு இல்ல. அது ஒரு சரக்கு. அந்தப் பார்வை உங்களுக்கு வரணும்."

"எங்க பக்கம் அது சும்மாவே கெடைக்குது சார்" என்றாள் ரமாபாய் பின்வரிசையிலிருந்து. "காலையில துணிய காயப்போட்டா சாயங்காலம் ஒதறி எடுத்துக்கலாம்."

வகுப்பு சிரித்தது. பாதிப் பேர் அவள் சொன்னதற்குச் சிரித்தார்கள், பாதிப் பேர் அவள் பேசிய தமிழுக்குச் சிரித்தார்கள். எந்தப் பாதி எது என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்ட பாடம் அது. அடுத்த முறை வேண்டுமென்றே இன்னும் அழுத்திப் பேசினாள்.

ஒரு தடவை வகுப்பு முழுவதையும் ஏசி பஸ்ஸில் ஏற்றி எண்ணூருக்குக் கூட்டிப்போனார்கள். பாதிப் பேர் முகத்தில் கைக்குட்டை. சாம்பல் படிந்த கழிமுகத்தையும் அதன் கரையில் இருந்த வீடுகளையும் பார்த்துவிட்டு ஒரு பெண், "இங்க நிஜமாவே ஆளுங்க குடியிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல, நம்ம பஸ்ஸு வருதுன்னு கூட்டியாந்து நிறுத்திக்கிறாங்க" என்றாள் ரமாபாய்.

அந்த வகுப்பில் அவளுக்குத் தோஸ்து என்று சொல்ல ஒரே ஒருவன்தான், அபின். வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் துணி மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவனும் மிச்சம் இருந்த இடத்தில் வந்து விழுந்தவன்தான். ஆனால் விழுந்த இடத்தை அவன் நேசிக்கத் தொடங்கிவிட்டான். பூமியைக் காப்போம் என்று அச்சிட்ட துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தான். இருவரும் தினமும் ஒரே ரயிலில் வீடு திரும்புவார்கள். வழி நெடுக அவன் உலகத்தைக் காப்பாற்றுவான், அவள் அவனைக் கிண்டல் செய்வாள்.

"நீ எதத்தான் ரமா நம்புவ?" என்று ஒருநாள் கேட்டான்.

"ரயிலு லேட்டா வரும்னு நம்புவேன்."

முதலாண்டு முடிந்த கோடையில் மாணவர்கள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுத்து, அங்கிருந்து சான்றிதழ் வாங்கி வரவேண்டும். ரமாபாய்க்கும் அபினுக்கும் கிரீன்டைட் டெர்மினல்ஸ் என்ற கம்பெனி கிடைத்தது. எண்ணூரிலிருந்து மணலிக்குப் போகும் வழியில் அதன் நிலக்கரிக் கிடங்கு இருந்தது. கப்பலில் வரும் கரியைக் கொட்டிவைத்து லாரியில் அனுப்புவதுதான் அதன் முழுத் தொழில். பெயரில் இருந்த பச்சைக்கு ஆதாரமாக வாசலில் ஒரு புல்வெளியும், அதில் சிமெண்டால் செய்த இரண்டு மான்களும் இருந்தன. மான்களின் முதுகில் கரித்தூள் படியும். ஒரு ஆள் காலையும் மாலையும் துடைப்பார்.

அங்கே சுற்றுச்சூழல் மேலாளர் தேவப்பிரியம். இதே படிப்பை வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். தூத்துக்குடிக்காரர், ஆனால் அவர் வாயில் ஆங்கிலம் கலக்காத தமிழ் வருவது வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும்தான். நயமான மனிதர், யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார். கம்பெனி பக்கத்து நிலத்தை வாங்கிக் கிடங்கைப் பெரிதாக்கப் போகிறது என்றும், அதற்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவிருக்கிறது என்றும் அவர்தான் இருவருக்கும் சொன்னார்.

"கூட்டத்துக்கு முன்னாடி சுற்றுச்சூழல் ரிப்போர்ட்டோட சுருக்கத்த தமிழ்ல வைக்கணும்னு சட்டம். நீங்க ரெண்டு பேரும் அத மொழிபெயர்த்துக் குடுத்துடுங்க. அதான் உங்க புராஜெக்ட். போன திட்டத்துக்குப் போட்ட தமிழ்ப் புத்தகம் ஒண்ணு இருக்கு, அந்த மாடல்லயே இருக்கட்டும். ரொம்ப டென்ஷன் ஆகாதீங்க. யாரும் படிக்கமாட்டாங்க."

அபின் அந்த மாதிரிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் முழுவதையும் முடித்தான். ரமாபாய் அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் சத்தமாகப் படித்தாள்.

"உத்தேசிக்கப்பட்டுள்ள செயற்திட்டத்தின் விளைவாக எழக்கூடிய மேற்பரப்பு வழிந்தோட்டமானது தலத்தின் இயல்பான சாய்வுவாட்டத்தினைப் பின்பற்றி முறைமைப்படுத்தப்படும்."

சோற்றை வடித்துக்கொண்டிருந்த ராஜாத்தி திரும்பிப் பார்த்தார். "யாரு செத்துட்டாங்க?"

மறுநாள் ரமாபாய் அந்தத் தாள்களை அபினின் மேசையில் போட்டாள். பறந்து பரவும் கரித்தூளை ஆங்கில அறிக்கை ஃபியுஜிடிவ் எமிஷன் என்று குறிப்பிட்டிருந்தது. அபின் அகராதியைப் பார்த்து அதைத் தலைமறைவு உமிழ்வு என்று ஆக்கியிருந்தான்.

"தூசி கொலை பண்ணிட்டு ஓடிப்போச்சா?"

"அகராதில அப்படித்தான் போட்டிருக்கு."

"நீ இத்த எழுதும்போது உனக்கு இன்னா புரிஞ்சுது? அத்த சொல்லு."

அவன் யோசித்தான். "புரியணும்னு நெனச்சு எழுதல" என்றான் கடைசியில்.

அந்த நேர்மைக்காகவே அவனை மன்னித்து, மொத்தத்தையும் தானே திருப்பி எழுத உட்கார்ந்தாள். கிடங்குக்குப் பக்கத்து ஊரான சடையங்குப்பத்து மக்களுக்காகவோ நியாயத்துக்காகவோ அவள் அதைச் செய்யவில்லை. சடையங்குப்பத்துக்கு அவள் போனதே கிடையாது. அவளால் பொறுக்கமுடியாமல் போனது அந்தத் தமிழ். எழுதியவனுக்கும் புரியாமல் படிப்பவனுக்கும் புரியாமல், பட்டுவேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வாக்கியங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கைபரபரத்தது.

புரியும்படி எழுதவேண்டும் என்றால் முதலில் தனக்குப் புரியவேண்டும் என்ற தொல்லை அப்போதுதான் தெரிந்தது. வழிந்தோட்டம் என்றால் மழைத் தண்ணீர். தலம் என்றால் கம்பெனி வாங்கியிருக்கும் நிலம். அந்த நிலத்தை ஆள் உயரத்துக்கு மண் கொட்டி உயர்த்தப் போகிறார்கள். அங்கே விழும் மழை சரிவின் வழியே போகும். எந்தப் பக்கம் சரிவு என்று ஆங்கில அறிக்கையின் வாக்கியங்களில் எங்கும் இல்லை. வரைபடத்தில் இருந்தது. அதில் நீலநிற அம்புக்குறி ஒன்று கம்பெனி நிலத்திலிருந்து கிளம்பிச் சடையங்குப்பத்தின் மேல் போய் நின்றது.

அவள் எழுதினாள்: ‘இந்த இடத்தை ஆள் உயரத்துக்கு மண் கொட்டி உயர்த்துவோம். மழை பெய்தால் தண்ணீர் தாழ்வான பக்கம் ஓடும். தாழ்வான பக்கம் சடையங்குப்பம்.'

அபின் அதைப் படித்துவிட்டு முகம் வெளுத்தான். "சடையங்குப்பம்ங்கிற வார்த்தையே அந்தப் பத்தியில இல்லியே, ரமா."

"படத்துல கீது. தமிழ்ப் புத்தகத்துல படம் போடறாங்களா?"

"இல்ல."

"அப்ப படம் சொல்றத நாமதான் சொல்லணும்."

தேவப்பிரியம் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். எழுத்துப்பிழை இல்லையே என்று கேட்டார். இல்லை என்றாள். கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினார்.

புத்தகம் அரசு அலுவலகங்களில் வைக்கப்பட்டது. வழக்கமாக அந்தப் புத்தகங்கள் மேசைக் காலுக்கு அண்டக் கொடுக்கத்தான் உதவும். இதை எழுத்தர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் சும்மா பிரித்துப் படிக்கத் தொடங்கியிருக்கிறார், கடைசிவரை படித்திருக்கிறார். படித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரருக்குக் காட்டியிருக்கிறார். வாரம் முடிவதற்குள் அது ஜெராக்ஸ் கடைக்குப் போய், அங்கிருந்து சடையங்குப்பத்துக்குப் போய்விட்டது.

கூட்டம் மணலியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கம்பெனி எங்கிருந்தோ நான்கு வேன்களில் ஆட்களை வரவழைத்து, பச்சைத் தொப்பி போட்டு முன்வரிசையில் உட்காரவைத்திருந்தது. வேலைவாய்ப்பு பெருகும் என்று அவர்கள் ஒவ்வொருவராக மைக்கில் சொல்லவேண்டும், பிறகு பிரியாணி. ரமாபாயும் அபினும் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை தாங்கிய வருவாய் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

தொப்பிக்காரர்கள் மூன்று பேர் பேசி முடித்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து மைக்கிடம் வந்தாள். பெயர் அஜீசுன்னிசா, சடையங்குப்பம், வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன் என்று சொன்னாள். கையில் ஜெராக்ஸ் தாள் இருந்தது. எதையும் சேர்க்காமல் அந்த மூன்று வரியைப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தண்ணி எங்க வூட்டுக்கு வரும்னு நீங்களே எழுதிக்கிறீங்க. அப்பால எங்கள இன்னா கேக்க வந்துகிறீங்க?"

மண்டபத்தில் சத்தம் எழுந்தது. தேவப்பிரியம் மைக்கை இழுத்துக்கொண்டார். அது மொழிபெயர்ப்பில் நேர்ந்த தவறு, ஆங்கில அறிக்கையில் அந்த ஊரின் பெயரே இல்லை என்றார். தமிழில் எழுதியவர்கள் கல்லூரி மாணவர்கள், பயிற்சிக்கு வந்தவர்கள் என்று சொல்லிக் கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

அதிகாரி திரும்பினார். "யாரு எழுதினது?"

அபின் தரையைப் பார்த்தான். ரமாபாய் எழுந்தாள்.

"நீங்கதானாம்மா? தவறா எழுதிட்டீங்களா?"

ஆமாம் சார் என்று இரண்டு சொல் சொன்னால் போதும். சான்றிதழ் கிடைக்கும், படிப்பு முடியும். அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் தவறு என்ற சொல் தேவப்பிரியத்தின் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவள் காதில் நின்றது. அந்தத் தமிழில் ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை.

"தப்பு இல்ல சார். இங்கிலீஷ்ல இருக்கிறதுதான் அது."

"இங்கிலீஷ்ல ஊர்ப் பேர் இல்லன்னு சொல்றாரே."

"படத்துல அம்புக்குறி கீது சார். அது எந்த ஊர் மேல நிக்குதுன்னு சாரையே சொல்லச் சொல்லுங்க. தமிழ்ல."

அதிகாரி வரைபடத்தைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்தார். தேவப்பிரியம் குனிந்து பார்த்தார். ஆங்கிலத்தில் எதையோ தொடங்கினார். சரிவு தோராயமானது, மாதிரி கணிப்பு என்றெல்லாம் போனது.

"தமிழ்ல சொல்லு சார்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அப்புறம் பலபேர் சொன்னார்கள். பச்சைத் தொப்பிகளில் ஒன்றும் சொன்னது.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பக்கம்... கொஞ்சம்... போகும்" என்றார். மைக்கில் அது நன்றாகவே கேட்டது.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பிரியாணி வந்தபோது சாப்பிட ஆள் குறைவாக இருந்தது.

வெளியே வந்த ரமாபாயை அஜீசுன்னிசா நிறுத்தினாள். "நீ கம்பெனி பொண்ணா?"

"பயிற்சிக்கு வந்தேன்க்கா."

"அப்பால ஏன் இப்டி எழுதின?"

"மொதல்ல எழுதின தமிழ் கலீஜா, அசிங்கமா இருந்துச்சு. அதான்."

அஜீசுன்னிசா அவள் விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை என்று தெரிந்ததும் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். "யாரோ எங்கள நெனச்சு எழுதிக்கிறாங்கன்னு பேசிக்கினோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப்போனாள்.

ஊரையே ஏளனம் செய்து வந்த ரமாபாய்க்கு, அந்தப் பெண் தன்னை நம்பியிருந்தாள் என்பதும், அது பொய்யாகிப் போனது என்பதும் விளங்க இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் அவளாகவே பஸ் ஏறிச் சடையங்குப்பத்துக்குப் போனாள். அஜீசுன்னிசாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மெஷின் சத்தம் தெருவரை கேட்டது. மெஷின் செங்கல் அடுக்கிய மேடையில் நின்றது. சுவரில் தண்ணீர் நின்ற கறை கோடாகத் தெரிந்தது.

"இது போன வருஷத்து மழையாக்கா?"

"எந்தக் கோட்டக் கேக்குற?" என்றாள் அஜீசுன்னிசா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல கோடுகள் இருந்தது தெரிந்தது. அஜீசுன்னிசா டீ கொடுத்தாள். பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. தண்ணீர் வந்தால் துணிகளை எங்கே ஏற்றி வைப்போம், யார் வீட்டு மாடிக்குப் போவோம் என்று, பஸ்ஸுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள். ரமாபாய் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

கல்லூரி திறந்ததும் ஆறுமுகநயினார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் கம்பெனியின் கடிதம் இருந்தது.

"ஒரே ஒரு வரி எழுதிக் குடும்மா. மொழிபெயர்ப்புல கவனக்குறைவால பிழை நேர்ந்துட்டுதுன்னு. சர்டிபிகேட் தந்துடுவாங்க."

"எந்த வார்த்தை பிழைன்னு சொல்லுங்க சார். அத்த மட்டும் திருத்திக் குடுக்கிறேன்."

"வார்த்தை இல்லம்மா. தொனி."

"தொனிய எப்டி சார் அடிச்சித் திருத்தறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீ எழுதினது சரியா தப்பாங்கிறது இங்க கேள்வியே இல்ல. அடுத்த வருஷம் அவங்க நம்ம பசங்கள வேலைக்கு எடுக்கணும்."

"இத்த மொத வகுப்புலயே சொல்லிருக்கலாம் சார். ஒரு வருஷம் மிச்சம் ஆயிருக்கும்."

அபின் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டிருந்தான். அதை அவனே ரயிலில் சொன்னான். "நான் படிச்சு வேலைக்குப் போயிருவேன்னு எங்க அப்பா எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்காவ. நான் என்ன செய்ய?" என்றான். அவனுக்குக் கோபமோ துக்கமோ வந்தால்தான் வீட்டுத் தமிழ் வரும். ரமாபாய் அடுத்த நிலையத்தில் இறங்கி மகளிர் பெட்டியில் ஏறிக்கொண்டாள். அதன்பிறகு படிப்பு முடியும்வரை அங்கேயேதான் போய் வந்தாள்.

சான்றிதழ் இல்லாததால் அவள் வேறு இடத்தில் மறுபடி பயிற்சி எடுக்கவேண்டி வந்தது. மீஞ்சூரில் ஒரு அரிசி ஆலை, உமியை எரித்து மின்சாரம் எடுக்கும் இடம். மற்றவர்கள் பட்டம் வாங்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டபோது அவள் மூக்கில் உமிச்சாம்பலோடு நின்றாள்.

"தோத்துட்டியா?" என்று கேட்டார் அப்பாவு.

"தோக்கல. திருப்பி செய்யச் சொல்லிக்கிறாங்க."

"எங்களுக்கும் டிப்போல அதுதான் தண்டனை. இன்னொரு ட்ரிப் அடி."

ஆறு மாதம் தாமதமாகப் பட்டம் வந்தது. அம்பத்தூரில் அட்டைப்பெட்டி செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. கணக்கும் பார்ப்பாள், மாசுக் கட்டுப்பாட்டுக்குப் போகவேண்டிய தாள்களையும் பார்ப்பாள், ஒரு சம்பளத்தில் இரண்டு ஆள் என்று முதலாளிக்கு மகிழ்ச்சி. வந்த முதல் வாரமே அந்த மகிழ்ச்சியை அவரிடமே சொல்லிக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார். அதனால் அங்கேயே இருந்தாள்.

2008இல் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அபின் வந்து நின்றான். கிரீன்டைட்டில் சமூகத் தொடர்பு அலுவலர் என்று அட்டை நீட்டினான். இஸ்திரி போட்ட சட்டை, முகம்தான் கசங்கியிருந்தது. இரண்டாவது கருத்துக் கேட்புக் கூட்டம் வரப்போகிறது என்றான்.

"தமிழ்ப் புத்தகம் இந்தத் தடவ நல்லா வரணும்ங்காங்க. நீ எழுதித் தருவியான்னு..."

"தரேன். புரியற மாதிரி எழுதுவேன். வேணுமா?"

அவன் தொழிற்சாலை வாசல் டீக்கடைப் பெஞ்சில் போய்க் குந்தினான். "நீ வெளிய நின்னு ஈசியா பேசிருவ, ரமா. உள்ள இருந்தாத்தான் ஏதாவது செய்ய முடியும்."

"உள்ள இருந்து இன்னா செஞ்ச?"

அவன் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான். "கேன்டீன்ல பிளாஸ்டிக் கப்ப எடுத்தாச்சு" என்றான்.

அவன் சொன்ன விதத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான், கண் கலங்கும்வரை. அவள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். புத்தகம் எழுதித் தரவில்லை.

வெளி ஏஜென்சி ஒன்று எழுதிய புத்தகம் வந்தது. ஒரு வரியும் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் சடையங்குப்பத்துக்காரர்களுக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பத்தியையும் பேச்சுத் தமிழில் சொன்னால்தான் கூட்டம் நடக்கும் என்று அஜீசுன்னிசாவும் மற்றவர்களும் மைக்கை விடாமல் நின்றுவிட்டார்கள். கம்பெனி சார்பில் அபின்தான் நாள் முழுக்க நின்று சொன்னான், தொண்டை கட்டிப்போகும்வரை. கடைசியில் அனுமதி கிடைத்தது, நிபந்தனையோடு: மண்மேட்டின் உயரத்தைக் குறைக்கவேண்டும், தண்ணீரைக் கழிமுகத்துக்குக் கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டவேண்டும்.

புதிய கிடங்கு வந்தது. கால்வாயும் வந்தது, சாலைவரை. சாலை வேறு துறைக்குச் சொந்தம் என்பதால் அங்கேயே நின்றது. அடுத்த மழைக்குச் சடையங்குப்பத்தில் தண்ணீர் ஏறியது. அதில் எது வானத்துத் தண்ணீர், எது கம்பெனித் தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல யாரும் வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அஜீசுன்னிசா ரமாபாய்க்கு போன் செய்தாள். தயங்கவெல்லாம் இல்லை. "நீ எழுதற மாதிரி ஒண்ணு எழுதிக் குடு" என்றாள். இருவரும் சேர்ந்து அந்தத் துறையின் அலுவலகத்துக்குப் போனார்கள். மனுவில் இருந்தது இவ்வளவுதான்: ‘கால்வாய் உங்கள் சாலையின் இந்தப் பக்கம் நிற்கிறது. கழிமுகம் அந்தப் பக்கம் இருக்கிறது. சாலைக்கு அடியில் குழாய் போடுங்கள். போடாததால் தண்ணீர் எங்கள் வீட்டில் நிற்கிறது.'

எழுத்தர் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மனுவ இப்படியா எழுதுவாங்க? பொருள், பார்வை, மேற்படி, பணிந்து... அதுக்குன்னு ஒரு மொழி இருக்கும்மா."

"பட்ச்சீங்களா சார்?"

"படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

அவர் தாளை மறுபடி பார்த்தார். "புரிஞ்சுது."

"அப்ப சீல் போடுங்க."

அவர் அவளையும், பக்கத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற அஜீசுன்னிசாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சீல் போட்டார். சாலைக்கு அடியில் குழாய் போக அதற்குப் பிறகும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று.